காற்றாடிக்கு ஒத்தடம்

ஐம்பத்தெட்டாம் நம்பர் காற்றாடி செவ்வாய்க்கிழமை காலை ஏழே காலுக்கு நின்றது. ஏழே முக்காலுக்குள் என் மதினி செல்லக்கனி நடுவீட்டைக் கழுவி, கட்டிலை ஓரமாக நகர்த்தி, பாய் விரித்துவிட்டாள். எட்டு மணிக்கு நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, தன் புருஷனை, அதாவது என் அண்ணன் லிங்கதுரையை, வீட்டுக்குக் கொண்டுபோகிறோம் என்று சொல்லிவிட்டாள். மத்தியானம் மூன்று மணிக்கு ஆம்புலன்ஸ் என்று முடிவாயிற்று.

அண்ணனுக்கு நிமோனியா. ஒன்பது நாளாக மூக்கில் ஆக்சிஜன் குழாய். முந்தின நாள் சாயங்காலம் நான் பார்க்கப் போனபோது, "ஏட்டி புஷ்பம், இங்க இட்லிங்கிற பேர்ல என்னத்தையோ தாராவ. நாளைக்கு வரும்போது நம்ம வீட்டு இட்லி ரெண்டு எடுத்துட்டு வா" என்றான். இன்னும் நாலு நாளில் குழாயை எடுத்துவிடலாம், அதற்கு முன்னால் எடுத்தால் தாங்கமாட்டார் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். இட்லிக்கு ஆசைப்படுகிற மனுஷனைத்தான் சாவதற்காக வீட்டுக்குக் கொண்டுவரப் போகிறார்கள்.

எங்கள் பக்கத்தில் உயிர் வீட்டில்தான் போக வேண்டும். இனிப் பிழைக்காது என்று தெரிந்தால் குழாயை எல்லாம் கழற்றிவிட்டுக் கூட்டிவந்துவிடுவார்கள். இனிப் பிழைக்காது என்பதை முன்பெல்லாம் டாக்டர் சொல்வார். மூன்று வருஷமாகக் காற்றாடி சொல்கிறது.

கணவாய்க் காற்று இறங்குகிற எங்கள் மேட்டில் நூற்றுப் பன்னிரண்டு காற்றாடிகள் நிற்கின்றன. நிலம் கொடுத்த வீட்டுக்கு அந்த நிலத்துக் காற்றாடியிலிருந்தே கரண்ட் என்பது கம்பெனியோடு ஊர் போட்ட ஒப்பந்தம். அதனால் கதவு எண் போய் டவர் எண்ணே விலாசமாகிவிட்டது. அண்ணன் வீடு ஐம்பத்தெட்டு. அடுத்த விளைநிலத்தில் தனிக்கட்டையாக இருக்கும் நான் ஐம்பத்தேழு. டவர் ஏறுகிற சுயம்புவும் அவன் பெண்டாட்டி ராஜகனியும் ஐம்பத்தொன்பது. இந்த நூற்றுப் பன்னிரண்டையும் மேய்க்கிற கட்டுப்பாட்டு அறையில் எனக்குப் பத்தொன்பது வருஷ வேலை. நான் மேய்க்கிறேன் என்பது பேச்சுக்குத்தான். உண்மையில் மேய்ப்பவன் பங்காளி.

கம்பெனி வைத்திருக்கிற கட்டுப்பாட்டு மென்பொருளுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. பங்கு பிரிப்பதுதான் அவன் தொழில். முன்வரிசைக் காற்றாடி காற்றைக் கலக்கிவிட்டால், பின்வரிசை அந்தக் கலங்கிய காற்றில் உதறி உதறித் தேயும். பங்காளி முன்வரிசையின் முகத்தைக் கொஞ்சம் திருப்பி, கலங்கலைப் பக்கவாட்டில் தள்ளிவிடுவான். எந்த டவர் இன்றைக்கு எவ்வளவு நொந்தது என்று டவரின் அடியில் ஒட்டியிருக்கிற ஒரு பட்டை அவனுக்குச் சொல்லும். நொந்ததைத் தணித்து ஓட்டுவான், நோகாததை விரட்டுவான். ரொம்ப நோகும் என்று தெரிந்ததை முழுசாக நிறுத்துவான். அப்படி நிறுத்துவது எப்போதாவதுதான், அதுவும் வரிசைக்கு ஒன்று. இரண்டாவதாக ஒன்று ஓய்வு கேட்டால், அது தன் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். நூற்றுப் பன்னிரண்டும் ஒரே மாதிரி தேய்ந்து ஒரே வருஷத்தில் கழற்றப்பட வேண்டும் என்பது அவனுக்கு இட்ட உத்தரவு.

நான் போனபோது மதினி வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆடி மாதக் காற்று முந்தானையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. சுற்றிலும் எல்லாம் பேயாய்ச் சுற்றுகின்றன. இது மட்டும் இறக்கையைச் சாய்த்துக்கொண்டு சும்மா நிற்கிறது.

"மதினி, ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு வேண்டாம்னு சொல்லுங்க."

"சொல்லிட்டு? அங்க வச்சே போவட்டும்ங்கியா?"

"அண்ணன் பொழச்சுக்கிட்டான் மதினி. நேத்து இட்லி கேக்கான்."

"எங்கப்பாவும் போறதுக்கு மொத நாளு பலாப்பழம் கேட்டாவ."

எனக்குக் கோபம்தான் வந்தது.

"இது மிஷினு. இதுக்குச் சாவும் தெரியாது, வாழ்வும் தெரியாது."

"தெரியாமலா எழுவத்தொண்ணு நின்ன மறுநாளு பொன்னையா மாமா போனாவ? முப்பத்திநாலு நின்னுச்சு, வேதமணி டீச்சர் போனாவ. இதுவர நின்னது நாப்பத்தொண்ணு. போனது முப்பத்தொம்பது. நீயே கூட்டிக் கழிச்சுப் பாத்துக்கோ. நீதான படிச்சவ."

"அந்த மீதி ரெண்டு பேரு யாருன்னு யோசிச்சீங்களா? ரெண்டு பேரும் பெங்களூர்ல மகன் வீட்ல வச்சு வைத்தியம் பாத்தவிய. இங்க காத்தாடி நின்னத அங்க யாரும் சொல்லல. அதான் பொழச்சாவ."

மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "அவியளுக்கு ஆயுசு கெட்டி" என்றாள்.

அதற்குமேல் மறைத்துப் பயனில்லை என்று தோன்றியது.

"இத ஆரம்பிச்சு வச்சதே நாந்தான் மதினி. அப்பா செத்தன்னைக்கு."

மதினிக்கு அந்த நாள் நினைவிருந்தது. பதினோரு வருஷம் ஆகிறது. காலை வெயிலில் ஐம்பத்தெட்டின் நிழல், வாசலில் கிடத்தியிருந்த அப்பாவின் மேல் விழுந்தது. இறக்கை சுற்றச் சுற்ற, இரண்டு விநாடிக்கு ஒரு தடவை கறுப்பாய் ஒன்று அவர் முகத்தில் அறைந்துவிட்டுப் போயிற்று. "ஏட்டி, அவிய மூஞ்சில அடிக்குட்டி, நிப்பாட்டுட்டி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். டவருக்குள் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. அமுக்கினால் நின்றுவிடும், உச்சியில் சிவப்பு விளக்கும் எரியும். ஆனால் அமுக்கியவர் பெயர் பதிவாகும், காரணம் எழுத வேண்டும், காரணப் பட்டியலில் 'கீழ்வீட்டில் சாவு' என்று ஒன்று கிடையாது. நான் வேறு வழி யோசித்தேன். இரும்பு சூட்டில் நீளும். சூட்டில் நீண்டதா பாரத்தில் நீண்டதா என்று பட்டைக்குத் தெரியாது. மணலை வறுத்துத் துணியில் கட்டி சுயம்புவிடம் கொடுத்து, பட்டைமேல் ஒத்தடம் வைக்கச் சொன்னேன். கால் மணி நேரத்தில் பங்காளி, ஐயோ பாவம் ரொம்ப நோகிறதே என்று காற்றாடியை நிறுத்திவிட்டான். சிவப்பு விளக்கும் எரியவில்லை, யார் பெயரும் பதிவாகவில்லை.

அதன்பிறகு அது ஊர் வழக்கமாகிவிட்டது. சாவு விழுந்த வீட்டிலிருந்து ஒருவர் வந்து எங்கள் ரிப்பேர் ஷெட் வாசலில் பேசாமல் நிற்பார். சுயம்பு எழுந்து மணலை அடுப்பில் போடுவான். யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. எட்டு வருஷத்தில் நூற்றுச் சொச்சம் தடவை ஒத்தடம் வைத்தோம். நல்ல காரியம் செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

"மூணு வருஷத்துக்கு முன்னால பங்காளிக்குப் புது மூள வச்சாவ மதினி. நோவு வந்தப்பொறம் நிறுத்தாத, வாரதுக்கு முன்னாலயே நிறுத்துன்னு. அவன் பழச எல்லாம் பொரட்டிப் பாத்துருக்கான். எப்பல்லாம் டவருக்குத் திடீர்னு நோவு வந்துச்சு, அதுக்கு முந்தி என்ன நடந்துச்சுன்னு. கீழ இருக்க வீட்டு மீட்டரு. நாலஞ்சு நாளா விடிய விடிய லைட்டு, எந்நேரமும் அடுப்பு, வந்தவிய எல்லாரும் போனுக்கு சார்ஜ் போடுதாவ. மீட்டர் அப்படி ஓடுனா ரெண்டு நாள்ல டவர் நோவும். அவ்வளவுதான் அவன் கண்டது. அது சாவு வீடுன்னே அவனுக்குத் தெரியாது."

மதினி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தாள். ஒன்பது நாளாக வந்து கூடியிருக்கிற சொந்தங்கள். பட்டப்பகலில் மூன்று அறையிலும் விளக்கு எரிந்தது.

"அப்ப, நாங்க லைட்டு போட்டதுனாலதான் நின்னுச்சுங்கியா?"

"ஆமா."

"லைட்டு எதுக்குப் போட்டோம்? அவியளுக்கு முடியலன்னுதான போட்டோம்? அப்ப அது சரியாத்தான சொல்லுது?"

"நின்ன ஒடனே கூட்டிட்டு வந்துருதீங்க. கூட்டிட்டு வந்தா செத்துருதாவ. அதான் முப்பத்தொம்பது."

"அது சுத்துனா நான் எதுக்குக் கூட்டிட்டு வாரேன்?" என்றாள் மதினி. கேலியாகச் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள். "சுத்தச் சொல்லு புஷ்பம். அது சுத்தட்டும், நான் இப்பவே போன் போட்டு வேண்டாம்னு சொல்லுதேன்."

மூன்று மணிக்குள் ஐம்பத்தெட்டு சுற்ற வேண்டும். அப்போது மணி பத்து.

கட்டுப்பாட்டு அறைக்கு ஓடித் தலைமை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே பொறுப்பில் இருந்தவர் பொறுமையாகத்தான் பேசினார். "மேடம், ஐம்பத்தெட்டு நாளைக்குள்ள பெரிய லோடு வாங்கப்போகுதுன்னு தெளிவா காட்டுது. சொல்லப்போனா எங்ககிட்ட இருக்கறதுலயே ரொம்ப நம்பகமான கணிப்பு இதுதான்." நம்பகமாகத்தான் இருக்கும். நூறு தடவை உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுத்தது நானல்லவா. நிறுத்தத்தான் மனிதருக்குப் பொத்தான் உண்டு, ஓட்டுவதற்குக் கிடையாது என்பதையும் அவர் நினைவுபடுத்தினார். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால் பங்காளியை மறுபடி பழக்க நாலு மாதமாகும். போனை வைத்துவிட்டேன்.

வைத்தபின் திரையைப் பார்த்தேன். ஆறாம் வரிசை: ஐம்பத்தெட்டு, ஓய்வு. அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: ஐம்பத்தொன்பது, காத்திருப்பு.

ஷெட்டில் சுயம்பு கண் சிவந்து உட்கார்ந்திருந்தான். ராஜகனிக்கு நாலு நாளாகக் காய்ச்சல், வீட்டில் யாரும் தூங்கவில்லை, அவன் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறாள் என்றான். ஐம்பத்தொன்பது ஏன் காத்திருக்கிறது என்பது எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஐம்பத்தெட்டு ஓய்வை விட்டால் அது இவன் தலைக்குமேல் போய் உட்காரும். அதை அவனிடம் நான் சொல்லவில்லை. வெறும் காய்ச்சல்தானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். சொன்னால் அவன் வரமாட்டான், அதுதான் நிஜக் காரணம்.

"சுயம்பு, ஐஸ் வேணும்."

"என்னத்துக்குக்கா?"

"சூடு வச்சா நோவுன்னு நெனைக்கான்லா. குளிர வச்சா?"

அவன் கெட்டிக்காரன். ஒரு நிமிஷம் தரையைப் பார்த்துவிட்டு, "நோவே இல்லன்னு நெனப்பான். ஓட்ட ஆரம்பிப்பான்" என்றான். பிறகு நிமிர்ந்தான். "ஆனா நெசமா நோவுமேக்கா. இன்னைக்கு அடிக்கிற காத்து லேசுப்பட்டதில்ல. எவ்வளவு நோவுதுன்னு ஒருத்தருக்கும் தெரியாம ஓடும். போல்ட்டு தாங்குமா?"

"மூணு மணி வரதான் சுயம்பு. தாங்கும்."

தாங்குமா என்று எனக்குத் தெரியாது. லிங்கதுரை அண்ணாச்சிக்காக என்று அவன் கிளம்பிவிட்டான்.

மீன் வண்டிக்காரரிடம் இரண்டு பெட்டி ஐஸ் வாங்கிக்கொண்டு டவருக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டு. சாக்கில் ஐஸைக் கட்டிப் பட்டைமேல் அழுத்திப் பிடித்தான் சுயம்பு. மீன் வாடையோடு தண்ணீர் அவன் முழங்கை வழியாக ஒழுகியது. அரை மணி நேரத்தில் மேலே மோட்டார் முனகுகிற சத்தம் கேட்டது. இறக்கைகள் காற்றுக்கு முகம் கொடுத்தன. ஐம்பத்தெட்டு சுற்றத் தொடங்கியது.

பங்காளியின் குணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அவன் இவ்வளவு விரட்டுவான் என்று நான் நினைக்கவில்லை. இந்த டவருக்கு நோவே இல்லை என்று கண்டதும், அக்கம்பக்கத்து டவர்களைத் தணித்து அவற்றின் பங்கையும் இதன் தலையில் கட்டினான். அடித் தரை அதிர ஆரம்பித்தது. டவரை அஸ்திவாரத்தோடு பிடித்திருக்கிற நூறு போல்ட்டுகளும் வட்டமாக எங்கள் காலடியில் இருந்தன. முறுக்கி முடித்ததும் நட்டுக்கும் தட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டுவிடுவது எங்கள் வழக்கம். நட்டு நகர்ந்தால் கோடு ஒடிந்துவிடும். பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்தேன்.

"எத்தனக்கா?"

"மூணு கோடு ஒடிஞ்சிருக்கு."

"நிப்பாட்டிருவமா?"

"இன்னும் கொஞ்சம் பொறு."

இரண்டு மணிக்கு மதினி போன் செய்தாள். காற்றாடி சத்தத்துக்கு மேல் கத்தினாள். "சுத்துது புஷ்பம்! எல்லாத்தையும் விட வேகமா சுத்துது! வேண்டாம்னு சொல்லிட்டேன். ஆம்புலன்ஸ வேண்டாம்னு சொல்லிட்டேன்!" அழுதுகொண்டே சிரித்தாள். நானும்தான். சுயம்பு ஐஸை விடாமலே தோளால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான்.

அப்போது ஒரு போல்ட்டின் தலை தெறித்துச் சுவரில் போய் மோதியது. அடுத்த நொடி இன்னொன்று. நான் சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். காரணப் பட்டியலில் 'போல்ட் முறிவு' என்று ஒன்று இருந்தது. ஆள் நிறுத்தினால் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும் என்பதால், ஊருக்கு அது சகுனத்தில் சேர்த்தியில்லை. மதினி பயப்படமாட்டாள். டார்ச் அடித்து எண்ணிப் பார்த்தேன். பதினாலு கோடு ஒடிந்திருந்தது.

வெளியே வந்ததும் சுயம்பு கிழக்கே பார்த்து நின்றுவிட்டான். ஐம்பத்தொன்பது நின்றிருந்தது, சிவப்பு விளக்கு இல்லாமல். அவன் என்னைப் பார்க்கவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தான்.

நாலு மணிக்கு வண்டியோடு அவன் வீட்டுக்குப் போனேன். ராஜகனியை நடுவீட்டுக்கு மாற்றியிருந்தார்கள். இருபத்தெட்டு வயசுப் பெண். "காச்சல் விட்டுட்டுக்கா, லேசாத்தான் இருக்கு" என்றாள். பேசும்போது பல் ஈறில் ரத்தம் கசிந்திருந்தது. டெங்குவாக இருக்கலாம், காய்ச்சல் விட்டதும்தான் ஆபத்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று நர்ஸ் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். காற்றாடி நிற்கும்வரை, அன்று சாயங்காலம் கொண்டுபோவதாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

"தூக்கு சுயம்பு. வண்டி வாசல்ல நிக்குது."

அவன் அசையவில்லை.

"ஏலே, நீ ஐஸ் வச்சதுனாலதான் இது நின்னுச்சு. அம்பத்தெட்டு விட்டுக் குடுத்த ஓய்வு ஒன் டவருக்கு வந்துருக்கு. வேற ஒண்ணுமே இல்ல. ஒனக்குத் தெரியாததா?"

"தெரியும்க்கா. மணல் வறுத்ததும் நாந்தான், ஐஸ் வச்சதும் நாந்தான். எல்லாந் தெரியும்." ஜன்னல் வழியாக மேலே பார்த்தான். "ஆனா நின்னுட்டுல்லாக்கா."

"அப்ப இதுக்கும் ஐஸ் வைப்போம். வா."

"வச்சா அடுத்தது எது நிக்கும்?"

நான் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தேன்.

"பாத்துட்டுத்தான வந்துருப்பீய. சொல்லுங்க."

"அறுவது."

"டெய்சி வீடு. அவ புள்ள பெத்துப் பன்னெண்டு நாளாவுது. பச்சப்புள்ளக்கு மஞ்சக்காமால." அவன் குரல் உயரவே இல்லை. "காலைலயும் பாத்தீயளாக்கா? அம்பத்தொம்பதுதான் அடுத்ததுன்னு?"

"பாத்தேன்."

தலையை ஆட்டிக்கொண்டான். திட்டவில்லை. ரெண்டு அறை விட்டிருந்தால்கூட எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ராஜகனியின் கையைப் பிடித்து நானே இழுத்தேன். அவள் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள். "வழில வச்சுப் போய்ட்டா என்ன செய்யக்கா? வண்டிய அனுப்பிருங்க. நான் வீட்லயே இருந்துக்கிடுதேன்." அவள் அம்மா எனக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். நான் வெளியே வந்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வந்தது, வாசலில் அரை மணி நேரம் நின்றது, வெறுமனே திரும்பிப் போயிற்று.

வியாழக்கிழமை காலையில் ராஜகனி செத்துப்போனாள். ஊர் தன் கணக்கில் ஒன்றைக் கூட்டிக்கொண்டது. எங்கள் ஷெட் வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை. மணல் வறுக்கிறவன் வீட்டிலேயே சாவு, காற்றாடியும் ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

சொன்னபடி அண்ணனுக்குச் சனிக்கிழமை குழாயை எடுத்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அதற்குள் கம்பெனி ஆட்கள் வந்து ஐம்பத்தெட்டைப் பரிசோதித்துவிட்டுப் போனார்கள். அடித்தட்டில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அன்றைக்குப் பெரிய பாரம் எதுவும் பட்டையில் பதிவாகவில்லை என்பதால், போல்ட் தரமில்லை என்று எழுதிக்கொண்டார்கள். யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. மாட்டிக்கொண்டிருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சரிசெய்வதில் பிரயோஜனமில்லை, இனி ஓட்ட வேண்டாம் என்று இணைப்பைத் துண்டித்தார்கள். சிவப்பு விளக்கும் அணைந்தது. அண்ணன் வீட்டு லைனை என் டவரோடு, ஐம்பத்தேழோடு, சேர்த்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் காரிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் இறங்கினான். இரண்டு அடி வைத்துவிட்டு மேலே பார்த்தான்.

"ஏட்டி, இது ஏன் நிக்குது?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஒத்தடம், ஐஸ், ராஜகனி, ஒன்று விடாமல் சொன்னேன். எடுத்து வைத்திருந்த போல்ட் தலையைப் பையிலிருந்து எடுத்து அவன் கையில் வைத்தேன். "இது ஒடிஞ்சதாலதான் நிக்குது. வேற ஒரு காரணமும் இல்ல அண்ணே."

அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எனக்கு வந்த சாவ இது வாங்கிக்கிட்டுன்னு சொல்லுத. அப்புறம் அந்தப் புள்ளையும் வாங்கிக்கிட்டுன்னு சொல்லுத" என்றான். "எத்தன நாளைக்குட்டி இப்படி அடுத்தவிய வாங்குவாவ?"

போல்ட்டைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்தான். நான் இட்லி கொண்டுபோனேன், தொடவில்லை. நுரையீரல் சுத்தமாக இருக்கிறது, பயமே வேண்டாம் என்று டாக்டரம்மா போனில் சொன்னதை ஸ்பீக்கரில் போட்டேன். கேட்டுக்கொண்டே படுத்திருந்தான். மூன்றாம் நாள் சொந்தங்கள் மறுபடி வந்து கூடினார்கள். நான் தினமும் சாயங்காலம் போய் வீடு முழுக்க விளக்கை அணைத்துவிட்டு வருவேன். நான் வாசலைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, ஒவ்வொன்றாய்த் திரும்பப் போடுவார்கள்.

இன்று காலை வேலைக்குப் புறப்பட்டு வாசலுக்கு வந்தேன். ஐம்பத்தேழு நின்றிருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

காரணம் எனக்கு அட்சரம் பிசகாமல் தெரியும். அண்ணன் வீட்டு லைன் என் டவரில் ஓடுகிறது. அங்கே ஒரு வாரமாக விடிய விடிய விளக்கு எரிகிறது. பங்காளி தன் வேலையைச் செய்திருக்கிறான், அவ்வளவுதான். என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நேற்றுகூட கட்டுப்பாட்டு அறைக்கு மாடிப்படி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை.

இன்றைக்கு வரமுடியாது என்று போன் போட்டுச் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து நடுவீட்டைக் கழுவினேன். தரை காய்கிறது. பாயை எந்தப் பக்கம் தலை வைத்து விரிப்பது என்று பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.